மூக்கு வழியே மூளைக்கு!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்கள் மனசில் முதலில் வருவது எது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், ‘ராமாநுஜர் அவதரித்த ஊராச்சே’ என்பார்கள். நடுத்தர வயதுக்காரர்கள் 1991 மே 21 இரவைச் சொல்வார்கள். இருபது வயதுப் பையனையோ பெண்ணையோ கேட்டுப்பாருங்கள்... ‘கம்பெனி பஸ் அங்கதான் போகுது’ என்று பதில் வரும். ஒரே ஊர், மூன்று தலைமுறைக்கு மூன்று ஞாபகம்.

மூன்றாவது ஞாபகத்துக்கு வயசு ரொம்பக் குறைவு. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி அது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-ல் சான்ட்ரோ கார் ரோட்டுக்கு வந்தது. 2006-ல் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்து, 2014 நவம்பரில் கதவை மூடியது. அதற்குள் தெற்கே ஒரகடமும் விழித்துக்கொண்டது. 2010-ல் ரெனோ - நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை கட்டின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியே திறந்தாயிற்று. வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற இடமாக இருந்தது, தூங்கி எழுகிற இடமாகவும் ஆகிவிட்டது. 24 மணி நேரமும் அதே காற்றுதான் மூச்சு.

ஒரு சாயங்காலம், ஷிப்ட் விடுகிற நேரமாகப் பார்த்து ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, இன்னொரு பக்கம் ஜல்லி ஏற்றிய டிப்பர், நடுவே வரிசையாக கம்பெனி பஸ்கள். வீட்டுக்குப் போய் மூக்கைத் துடைத்தால் கர்சீப் கறுப்பாகும். ‘தூசிதானே... நாலு இருமல் இருமினா போச்சு’ - இது நம்மவர்கள் காலம்காலமாகச் சொல்லும் சமாதானம்.

உண்மையில், அந்தக் கர்சீப்பில் வந்த தூசி நல்ல தூசி. மூக்கு முடியில் மாட்டியது, வெளியே வந்துவிட்டது. கவலைப்பட வேண்டியது, கர்சீப்புக்கு வராத தூசியைப் பற்றித்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காற்று மாசைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி சொல்கிறார்களே பி.எம். 2.5... அது இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ள துகள். அதற்குள்ளேயே 0.1 மைக்ரானுக்கும் குறைவான பொடிசுகளின் கூட்டம் ஒன்று உண்டு. டீசல் இன்ஜின், வெல்டிங் புகை, குப்பை எரிக்கிற நெருப்பு எல்லாம் அதைக் கக்குகின்றன.

அந்தப் பொடிசுகள் எங்கே போகின்றன? நுரையீரலுக்கு என்றது மருத்துவ உலகம். பிறகு, இதயத்துக்கும் என்றது. ‘மூளைக்கும் போகிறது’ என்று அழுத்திச் சொல்ல நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. இத்தனைக்கும் முதல் தடயம் 1837-லேயே கையில் கிடைத்துவிட்டது!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். துணி வெளுக்கும் தூள் தயாரிக்க மாங்கனீஸ் தாதுவை அரைத்துக்கொண்டிருந்த காலம். அரைக்கும் வேலையில் இருந்த ஐந்து தொழிலாளிகளின் நிலையைக் கூப்பர் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். கால்களில் பலம் இல்லை. நடக்கச் சொன்னால் உடம்பு முன்பக்கமாகச் சாய்ந்து, ஓடுவதுபோலப் போகிறது. குரல் கிசுகிசுப்பாகக் குறைந்துவிட்டது. வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் நடுக்குவாதத்தைப் பற்றித் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதி அப்போது இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட அதற்குச் சகோதரன் மாதிரி ஒரு நோய்... ஆனால், வந்தது தூளிலிருந்து!

மூச்சோடு போன தூள், ஒரு மனிதனின் நடையைக் கெடுப்பது எப்படி? பதில் சொல்லும் கருவிகள் அந்தக் காலத்தில் கிடையாது. இரும்பு வேலை நடக்கும் எந்த ஊருக்கும் இந்தக் கேள்வி சொந்தம். வெல்டிங் புகையிலும் மாங்கனீஸ் உண்டு என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்த தடயம், யாரும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது... போலியோ!

1930-களில் போலியோ வைரஸைக் குரங்குகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அது முகர்வு நரம்பைப் பிடித்துக்கொண்டு நேராக மூளைக்கு ஏறியது. ‘ஆஹா, வழி தெரிந்துவிட்டது, அடைத்துவிடலாம்’ என்று புறப்பட்டார்கள். 1937-ல் கனடாவின் டொரன்டோ நகரத்தில் போலியோ பரவியபோது, சுமார் 5,000 குழந்தைகளின் மூக்குக்குள் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். போலியோ நிற்கவில்லை. சில குழந்தைகளுக்கு வாசனை தெரியாமல் போனதுதான் மிச்சம். மனிதர்களுக்குப் போலியோ வாய் வழியாகக் குடலுக்குள் போகிறது என்பது பிற்பாடுதான் தெளிவாயிற்று. அதோடு மூக்கு வழியை எல்லோரும் மறந்தார்கள்.

ஆனால், குரங்கில் கண்டது பொய்யில்லையே. 1970-ல் டி லொரென்சோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அணில் குரங்குகளின் மூக்கில் மிக நுண்ணிய தங்கத் துகளை வைத்துப் பார்த்தார். ஒரு துகளின் அளவு 50 நானோமீட்டர். அதாவது, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் முகர்வு நரம்பின் வழியே மூளையின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. வைரஸ் என்றால், ‘நரம்புக்குள் புகுந்து பெருகிப் பெருகிப் போயிருக்கும்’ என்று சமாதானம் சொல்லலாம். பெருகவே தெரியாத தங்கமும் போகிறது என்றால், அங்கே ஒரு பாதை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இருக்கிறது. உங்கள் மூக்கின் உள்கூரையில், அஞ்சல்தலை அகலத்துக்கு ஒரு சவ்வு. வாசனை பிடிக்கும் நரம்பு செல்கள் அங்கேதான் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் உடம்பில் மற்ற நரம்புகள் எல்லாம் தோலுக்கும் தசைக்கும் உள்ளே பத்திரமாக இருக்க, இவை மட்டும் வெளிக்காற்றில் நேரடியாக நனைகின்றன. இவற்றின் வால் நுனி, சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ஒரு மெல்லிய எலும்பைத் தாண்டினால்... மூளை! மல்லிகைப்பூ வாசனை எந்தத் திரையும் இல்லாமல் மனசைத் தொடுவதற்கு இந்த வசதிதான் காரணம். டீசல் புகைக்கும் அதே வசதி!

இனி, கதை மெக்சிகோ நகரத்துக்குப் போகிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். சுற்றிலும் மலை. நடுவில் கிண்ணத்தில் ஊற்றிவைத்த மாதிரி ஒரு நகரம். கார்கள் பெருகின, புகை வெளியேற வழியில்லை. 1989-ல், வண்டி நம்பர்ப்படி வாரத்தில் ஒருநாள் காரை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1991-ல் நகரத்துக்குள் இருந்த பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை மூடினார்கள். அப்படியும் 1992-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் 20 பெருநகரங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, காற்று மிக மோசமாக இருந்த நகரம் அதுதான்.

அந்த வருஷமே லிலியான் கால்டெரோன் கார்சிதுவேன்யாஸ் என்ற பெண் மருத்துவர், நகரவாசிகளின் மூக்குச் சவ்வைப் பரிசோதித்து எழுதினார். மூக்கின் உள்தோல் சேதப்பட்டுக் கிடந்தது. ‘கதவு இப்படி இத்துப்போயிருந்தால், வீட்டுக்குள் என்ன நிலைமை?’ - இதுதான் அவருடைய அடுத்த கேள்வி. மனித மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதே காற்றை, மனிதர்களோடு சேர்ந்து மூச்சுவிடும் ஒரு ஜீவன் வேண்டும். தெருவில் நம்மைவிடத் தரைக்கு நெருக்கமாக, மோப்பம் பிடித்தபடியே திரியும் ஜீவன்... நாய்!

மெக்சிகோ நகரத்தின் 32 நாய்களின் மூளையை, காற்று சுத்தமாக இருந்த ட்லாக்ஸ்கலா நகரத்து நாய்களின் மூளையோடு ஒப்பிட்டார். முடிவு 2002-ல் வெளியானது. பிறந்து இரண்டு, நான்கு வாரமே ஆன குட்டிகளின் மூளை ரத்தக்குழாய்ச் சுவரிலேயே அழற்சியின் அடையாளம் தெரிந்தது! பிறகு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரில் பழுது, நரம்பு செல்களில் சிதைவு. அது மட்டுமா? அல்சைமர் மறதி நோயாளிகளின் மூளையில் பார்க்கும் படிவுகளையும் முடிச்சுகளையும் ஒத்த மாற்றங்கள்கூட இருந்தன. நாய்க்கு ஏது கவலை, ஏது பென்ஷன் வயசு? காற்றின் மீது சந்தேகம் விழுந்தது.

2004-ல் மனித மூளைக்கு வந்தார். விபத்து மாதிரி காரணங்களால் திடீரென இறந்தவர்களின் மூளைகள். மாசு மிகுந்த நகரத்தில் வாழ்ந்தவர்களிடம் அழற்சியின் அளவு கூடுதல். 2008-ல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மெக்சிகோ நகரத்துக் குழந்தைகளில் 56 சதவிகிதம் பேருக்கு மூளையின் முன்பகுதியில் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். சுத்தமான ஊர்க் குழந்தைகளில் அது 7.6 சதவிகிதம்தான். ஆராய்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை சில டஜன்தான், அதனால் இந்தச் சதவிகிதத்தை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஆனாலும், உலகம் நிமிர்ந்து உட்கார அது போதுமாக இருந்தது.

சரி, புகைதான் குற்றவாளி என்று எப்படி நிரூபிப்பது? 2006-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு எளிமையான, அழகான சோதனை செய்தார்கள். எலிகளின் ஒரு நாசித்துவாரத்தை அடைத்துவிட்டு, மாங்கனீஸ் நுண்துகள் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்தார்கள். ஆம், கிளாஸ்கோவின் அதே மாங்கனீஸ்! இதில் அளவு மட்டும் வெல்டிங் புகையில் இருக்கிற மாதிரி நுண்ணியது. திறந்திருந்த பக்கத்து முகர்வுக் குமிழில் மட்டும் மாங்கனீஸ் சேர்ந்தது. அடைத்த பக்கத்தில் சேரவில்லை. ரத்தத்தின் வழியாகப் போயிருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா சேர்ந்திருக்க வேண்டும்? மூக்கு வழிதான் என்பது உறுதியாயிற்று. மூச்சு திறந்திருந்த எலிகளின் மூளையில், துகள் போய்ச் சேர்ந்த இடத்திலேயே அழற்சியைத் தூண்டும் ரசாயனமும் எகிறியிருந்தது. 1837-ன் கேள்விக்கு 169 வருஷம் கழித்து ஒரு பதில்!

இந்த ‘அழற்சி’ என்பதுதான் என்ன?

காலில் முள் குத்தினால் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று உடம்பு நடத்தும் சண்டை அது. முள்ளை எடுத்துவிட்டால் சண்டை ஓயும். மூளைக்கும் சொந்தமாக ஒரு காவல் படை உண்டு. 1919-ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்தேகா, வெள்ளி உப்பில் சாயம் ஏற்றிக் கண்டுபிடித்து ‘மைக்ரோகிளியா’ என்று பெயர் வைத்த செல்கள்தான் அவை. சும்மா இருக்கும்போது கிளை விரித்து ரோந்து சுற்றும். குப்பையைத் தின்று சுத்தம் செய்யும். எதிரியைக் கண்டால் உருண்டு திரண்டு, விஷத்தைக் கக்கிக் கொல்லும்.

கிருமி என்றால் செத்துப்போகும். புகைத் துகள் சாகுமா? உலோகமும் கரியும் எப்படிச் சாகும்? அது மட்டுமல்ல... நேற்று வந்தது போவதற்குள் இன்று புதுசு வந்துவிடுகிறது. காவல்காரர் ஆயுதத்தைக் கீழே வைக்கவே முடியாது. ஓயாமல் கக்கிய விஷம் கடைசியில் பக்கத்தில் இருக்கும் நரம்பு செல்களையே சுடுகிறது. திருடனைப் பிடிக்கக் கொளுத்திய தீவட்டியில் வீடே பற்றிக்கொள்வது மாதிரி. துகள் மூளைக்குள் நுழையாவிட்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். நுரையீரலில் எழும் அழற்சியின் ரசாயனத் தூது ரத்தத்தில் ஏறி வந்து, மூளையின் காவல்காரரை உசுப்பிவிடும். இன்னொரு கொடுமை... முள் குத்தினால் வலிக்கிறது; மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. உள்ளே பற்றிக்கொண்டாலும், உடையவருக்குத் தகவல் கிடையாது.

2016-ல் இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்து பார்பரா மாஹர் குழு, மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்த 37 பேரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தது. உருண்டை உருண்டையாகக் காந்த இரும்புத் துகள்கள் கிடைத்தன. உடம்பில் தானாக உருவாகும் காந்தத் துகள் படிகமாக, முனையோடு இருக்கும். உருண்டை என்றால், கடும் சூட்டில் உருகித் தெறித்து இறுகியது என்று பொருள். இன்ஜினிலும் பிரேக் உராய்விலும் பிறக்கும் துகள் அப்படித்தான் இருக்கும். வாகனம் நம் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது!

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. புகையை சுவாசித்த எல்லோருக்கும் மறதி நோய் வராது. துகளுக்கும் நோய்க்கும் நடுவே பல கண்ணிகள் ஆய்வில்தான் இருக்கின்றன. மெக்சிகோ ஒரு கிண்ணம். நமக்குக் கடல் காற்று உண்டு. ஆனால், பெரிய கூட்டத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தால் படம் தெளிவாகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 66 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி, 2017-ல் முடிவு சொன்னார்கள். பெரிய சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 7 சதவிகிதம் அதிகம். தள்ளிப்போகப் போகக் குறைந்து, 200 மீட்டருக்கு அப்பால் அந்த வித்தியாசமே இல்லை. 2020-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோயின் தடுக்கக்கூடிய காரணங்கள் பட்டியலில் காற்று மாசையும் சேர்த்தது.

‘வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் ஊரில் என்ன?’ என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டின் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. காற்றில் பி.எம். 2.5 அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. மூளையை அளந்த ஆய்வு அல்ல இது. ஆனால், அம்மாவின் மூச்சில் போனது நுரையீரலோடு நிற்காமல் கருவறை வரைக்கும் கை நீட்டுகிறது என்பதற்கு நம் மண்ணின் சாட்சி. 2009-ல் நம் நாடு வகுத்த வரம்பு வருஷ சராசரியாக 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. எட்டு மடங்கு வித்தியாசம்! ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த அளவு என்று கேளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 74 வயதைத் தாண்டிய பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, காற்று சுத்தமான இடங்களில் மறதி நோயின் வாய்ப்பும் குறைந்ததைக் காட்டியது. முள்ளை எடுத்தால் வீக்கம் வடியும் என்பது இங்கேயும் பொருந்துகிறது. நாமும் செய்யத் தெரியாதவர்கள் அல்ல. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயத்தை 2000-ம் ஆண்டில் நாடு முழுக்கப் பெட்ரோலிலிருந்து எடுத்தோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்து, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது.

மிச்சமிருப்பது நம் தெருவில் செய்ய வேண்டியது. வெல்டிங் பட்டறையில் புகை முகத்துக்கு வரும் முன்பே உறிஞ்சும் குழாய் வேண்டும். கழுத்துத் துண்டும் கர்சீப்பும் நுண்துகளைத் தடுக்காது. ஜல்லி லாரி தார்ப்பாய் மூடித்தான் ஓட வேண்டும். ஆள் ஏறக் காத்திருக்கும் பஸ், இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கட்டும். பள்ளிக்கூடமும் விடுதியும் கட்ட இடம் தேடும்போது, அந்த 200 மீட்டர் கணக்கு ஞாபகத்தில் இருக்கட்டும். போகி அன்று டயரை எரிக்காமல் இருப்பதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

கிளாஸ்கோவில் தொழிலாளிகள், மெக்சிகோவில் நாய்களும் குழந்தைகளும்... விஷக் காற்றை அளக்கும் கருவியாக இதுவரை உயிர்களே இருந்திருக்கின்றன. நம்மிடம் மின்சாரத்தில் ஓடும் கருவிகள் இருக்கின்றன. அந்த வேலையை ஒரகடத்துப் பிள்ளைகளின் தலையில் கட்ட வேண்டாமே! அந்த வட்டாரத்தில் தயாராகும் ஒவ்வொரு வண்டியும் புகைச் சோதனையில் தேறித்தான் வெளியே வருகிறது. அதைச் செய்து கொடுத்தவர் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறாரே... அவர் மூச்சுக்குச் சான்றிதழ் தருவது யார்?